நாலாவது பிளக் ஏன் வெளுத்தது

ஸ்டார்ட்டில் நின்ற காரை, ஸ்டார்ட் ஆகவில்லை என்று தீர்மானித்து, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிப் போட்டவன் நான். இதைச் செய்தபோது எனக்குத் தொழிலில் முப்பது வருடத்துக்கு மேற்பட்ட அனுபவம் இருந்தது. அனுபவம் இல்லாதவன் இதைச் செய்திருக்க மாட்டான். அவனுக்கு அந்தளவு துணிவு வராது.

கார், பற்றரியிலும் பெற்றோலிலும் மாறி மாறி ஓடுகிற ஒரு ஹைபிரிட். கொண்டுவந்தவர் ஓமந்தைப் பக்கம் படிப்பிக்கிற ஓர் இளம் ஆசிரியை. பிரேக் பிடித்தால் கீச்சிடுகிறது என்று சொல்லிவிட்டு, எதிர்க்கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். நான் ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, பொத்தானை அழுத்தினேன். விளக்குகள் எரிந்தன. எஞ்சின் சத்தம் இல்லை. காது கொடுத்துக் கேட்டேன். இல்லை. இறங்கிப் பொனட்டைத் திறந்தேன்.

அவர் திரும்பி வந்தபோது பிளக்குகள் பத்திரிகைத் தாளில் வரிசையாகக் கிடந்தன.

"அங்கிள், இதென்ன?"

"கார் ஸ்டார்ட் வருகுதில்லை பிள்ளை. அதுதான் பிளக்கைப் பாக்கிறன்."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "ஸ்டார்ட்டிலைதானே நிக்குது. பச்சை லைற் எரியுதெல்லோ. இந்தக் கார் சத்தம் போடாது."

"பிளக் நாலும் நல்லா இருக்கு," என்றேன், நோயாளியின் உறவினரிடம் பேசும் வைத்தியரின் குரலில்.

"சந்தோசம் அங்கிள். பிரேக்குக்கு என்ன செய்வம்?"

அந்த வகை எஞ்சின் தான் நினைத்த நேரத்தில் தானாகவே எழும்பும் என்பதையும், அந்த நேரத்தில் என் விரல்கள் எங்கே இருந்தன என்பதையும், கராஜில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் பிறகு எனக்கு விளக்கினார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள். சிரிப்பதற்குக் கராஜின் பின்பக்கம் போனார்கள். நான் அந்த மாதமே ஓய்வு பெறுவதாகச் சொல்லிவிட்டேன்.

அதே பிள்ளைகள்தான் இதை எழுதச் சொன்னார்கள். அவர்கள் காரைத் திறப்பதற்கு முன்னர் ஒரு கருவியைச் செருகுகிறார்கள். எந்தச் சிலிண்டரில் பிழை என்று அது திரையில் சொல்லிவிடுகிறது. புதுவகைப் பிளக்குகளை வருடக்கணக்கில் கழற்றத் தேவையில்லை. எப்போதாவது ஒரு பழைய கார் வந்து, பிளக் கையில் வரும்போது, அதில் என்ன பார்ப்பது என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தும் தெரியாமற்போன ஒரு சம்பவத்தையும் சொல்கிறேன்.

நான் மெக்கானிக் ஆவதற்காகப் பிறந்தவனல்ல. உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்தேன். என்னைப் பற்றிப் பரீட்சைக்காரருக்கு இருந்த அபிப்பிராயம் எனக்கு இருந்ததிலிருந்து வேறுபட்டது. வேலை தேடிப் புளியங்குளச் சந்தியில் இருந்த ஒரு கராஜில் சேர்ந்தேன். கொஞ்சக்காலம் கழுவினேன், துடைத்தேன். பிறகு கழற்றவிட்டார்கள். பூட்டவிட்டது நெடுநாளைக்குப் பிறகு. இடையில் யுத்தத்தில் எல்லாரும் இடம்பெயர்ந்தபோது கராஜும் இடம்பெயர்ந்தது. அந்த வருடங்களில் கராஜ் என்பது ஒரு ஸ்பானர் சாவிப் பெட்டியும் அதைத் தூக்க இரண்டு பேரும்தான். பயிற்சி இவ்வளவே.

கராஜை நடத்தியவர் றெஜினா அக்கா. முல்லைத்தீவுக் கரைப் பிள்ளை. தகப்பன் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். அந்த எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை, ஓயாமல் கரி பிடிப்பவை. மற்றப் பிள்ளைகள் சிப்பி பொறுக்கிய வயதில் அக்கா பிளக் துடைத்திருக்கிறார். புளியங்குளத்துக்குக் கலியாணம் முடித்து வந்தார். கணவர் வெளிநாடு போனபிறகு கராஜ் அவர் கையில் வந்தது. முதலில், வாகனம் கொண்டுவந்தவர்கள் "முதலாளி இல்லையோ?" என்று கேட்பார்கள். "இருக்கிறா, சொல்லுங்கோ," என்பார் அக்கா.

அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள் யாரும் இல்லை. கேள்வி வாங்கியவர்கள் நாங்கள் எல்லோரும். கேள்வி மிகச் சின்னதாக இருக்கும். நான் அரை நாள் பாடுபட்டுக் கழற்றிப் பரப்பிவைத்த எஞ்சினைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "தம்பி, இதுக்குப் பெற்றோல் இருக்கோ?" என்று கேட்டிருக்கிறார். இருக்கவில்லை.

பிளக் விடயத்தில் மட்டும் அவருக்குச் சில சட்டங்கள் இருந்தன. பிளக்கைக் கழற்றமுதல் அது இருக்கிற குழியைச் சைக்கிள் பம்பால் ஊதவேண்டும். வன்னிச் செம்மண் தூசி அந்தக் குழிக்குள் அடைந்திருக்கும்; ஊதாமல் கழற்றினால் அவ்வளவும் சிலிண்டருக்குள் விழுந்து, அரைக்கிற வேலையைத் தொடங்கிவிடும். எஞ்சின் ஆறியபிறகே கழற்றவேண்டும். கழற்றியதை ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று பத்திரிகைத் தாளில் வரிசையாக வைக்கவேண்டும். வரிசை குழம்பினால் அந்தப் பிளக்குகளை அவர் பார்க்கவே மாட்டார். "ஆருடைய பல்லெண்டு தெரியாமல் நான் என்னத்தைச் சொல்லுறது?" என்பார்.

பிறகு, வெளிச்சம் தோளுக்கு மேலால் விழும்படி கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கையில் எடுப்பார். அந்த நேரம் யாரும் கதைக்கக் கூடாது. நுனிப் பீங்கான் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் எஞ்சின் சுகம். உலர்ந்த கரி என்றால் எரிபொருள் அதிகம், காற்றுக் குறைவு, அல்லது மண்ணெண்ணெய்க் கலப்பு. ஈரக் கரியாக மினுங்கினால் உள்ளே எஞ்சின் ஒயில் ஏறுகிறது, செலவுக்கு ஆயத்தமாகலாம். சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து, சின்னக் கொப்புளங்கள் இருந்தால் அந்தப் பிளக் அளவுக்கு மீறிச் சூடாகிறது. அதற்குத்தான் காரணம் தேடவேண்டும். மற்றவை காரணத்தைத் தாங்களே சொல்லிவிடும். நானும் பக்கத்தில் நின்று பார்ப்பேன். உண்மையில் பிளக்குக்குக் கீழே கிடந்த பத்திரிகையை வாசித்துக்கொண்டிருப்பேன். அக்காலத்து உலக அரசியலில் நாலாம் பிளக் வைக்கிற மூலை இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அங்கே எப்போதும் கரி.

பூட்டுவதிலும் சட்டம் உண்டு. முதலில் விரல். விரலால் கடைசிவரை திருகி, பிளக் இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் சாவி. புது வாசர் என்றால் அரைச் சுற்று, பழையது என்றால் காற்சுற்று. அதற்கு மேல் இறுக்குவது பலசாலிகளின் வேலை. பலசாலிகள் திருகுமரையின் நூலை உடைத்துக்கொண்டு திரும்பவும் எங்களிடமே வருவார்கள்.

இனி மண்ணெண்ணெய். யுத்தகாலத் தடையால் பெற்றோல் வராத அந்த வருடங்களில் வன்னியில் ஓடிய கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு எழுப்பி, எழும்பிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. காலையில் குளிர்ந்த எஞ்சின் அவ்வளவு இலகுவில் எழும்பாது. அதற்கு ஒரு வழி இருந்தது. பிளக்குகளைக் கழற்றிக் குசினி அடுப்பில், தணலுக்குப் பக்கத்துச் சாம்பலுக்குள் புதைத்துச் சூடாக்கி, சூட்டோடு சூடாகப் பூட்டினால் முதல் அடியிலேயே பற்றும். கார் வைத்திருந்த எல்லா வீட்டிலும் விடிய ஒரே அடுப்பில் தேத்தண்ணியும் பிளக்கும் சூடாகின. சில வீடுகளில் தேத்தண்ணி பிந்தினாலும் பிளக் பிந்தாது. இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்கள்தான் செய்தார்கள், அடுப்பு அவர்களிடம் இருந்ததால். பெற்றோல் திரும்ப வந்ததும் இதை எல்லோரும் மறந்துபோனோம்.

நான் சொல்லவந்த சம்பவம் அண்மையது. நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருடம்.

தர்மபுரத்தில் சுப்பையா என்றொருவர் இருக்கிறார். இளவயதில் மலையகத்திலிருந்து வந்து, காடு வெட்டி, தோட்டம் செய்து, பிறகு ஒரு பழைய இங்கிலாந்துக் காரை வாங்கி வாடகைக்கு ஓடியவர். முன்னால் இரும்புக் கம்பி செருகிக் கையால் சுழற்றி எழுப்புகிற கார் அது. மனைவி பாக்கியத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்தில் இரண்டு நாள் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். போகும்போது பஸ்ஸில் போகலாம். முடிந்து வரும்போது அவரால் நிற்கவே முடியாது. ஆகவே கார்.

அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம். பிந்திப் போனால் அடுத்தவரின் நேரம் வந்துவிடும், அன்றைக்கு அரைகுறைதான். ஒரு முறை முற்றாகத் தவறினால் உடம்பில் தண்ணீர் ஏறும், மூச்சு முட்டும்.

அந்தக் கார் வழியில் நிற்கத் தொடங்கியது. எப்போதும் கனகராயன்குளம் தாண்டுவதற்குள். முதலில் நடுங்கும், பிறகு நாலில் மூன்று சிலிண்டரோடு நொண்டும், பிறகு நிற்கும். கார் நின்றால் வன்னிச் சாரதி முதலில் பிளக்கைக் கழற்றுவார். ஏன் நின்றது என்று அதற்குப் பிறகுதான் யோசிப்பார். சுப்பையாவும் வீதியோரத்திலேயே நாலையும் கழற்றி, துடைத்து, தோட்டம் கொத்திய கையால் இறுக்கிப் பூட்டிக்கொண்டு, ஒருவாறு எங்களிடம் வந்து சேர்ந்தார்.

"காலையிலே ஒரே சுத்துல ஸ்டார்ட்டு தம்பி," என்றார். "மண்ணெண்ணெய் கலந்துதான் விட்டிருக்கேன். ஊருல ஒருத்தன் காரும் எழும்பல. என் கை வைச்சா எழும்புது. ஏதோ கை ராசி. ஆனா பாதையிலே போட்டுக் கவுத்துருது."

பின் ஆசனத்தில் பாக்கியம் தலையணையில் சாய்ந்திருந்தார். எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

றெஜினா அக்கா அப்போது முல்லைத்தீவில், சுகமில்லாத தமக்கையுடன் நின்றார். ஆகவே நிபுணர் நான். குழியை ஊதிக் கழற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய மூன்றிலும் கொஞ்சம் உலர்ந்த கரி. மண்ணெண்ணெய்க்கு அது நியாயம். நாலாவது வெள்ளை வெளேரென்று கொப்புளித்துக் கிடந்தது. நாலாவது சிலிண்டருக்குக் கிட்ட எங்கோ காற்று உறிஞ்சுகிறது, அதனால் கலவை மெலிந்து சூடாகிறது என்று சொல்லி, காற்றுக்குழாய் மூட்டுக்குப் புதுக் கஸ்கட் அட்டை வெட்டிப் போட்டேன். நாலாவதுக்குப் புதுப் பிளக். அவர்கள் பிந்திப் போனார்கள். பாக்கியத்துக்கு அரைகுறைதான் கிடைத்தது.

சில நாள் ஓடியது. பிறகு திரும்பவும் நொண்டிக்கொண்டு வந்தது. புதுப் பிளக்கும் வெளுத்திருந்தது. இம்முறை இன்னொன்றையும் கண்டேன். பீங்கான் இரும்புக்குள் இறங்குகிற விளிம்பில், நாலு பிளக்கிலும், மெல்லிய சாம்பல்நிறத் தூள். எனக்கு உற்சாகம் பிறந்தது. சிலிண்டருக்குள் எரிகிற வாயு பீங்கானுக்கும் இரும்புக்கும் இடையால் கசிந்தால் வெளியே படிவு வரும் என்று ஒரு தொழில்நுட்பப் புத்தகத்தில் வாசித்திருந்தேன். படமும் போட்டிருந்தார்கள். அந்தப் படத்தைச் சுப்பையாவுக்கு வார்த்தைகளால் வரைந்து காட்டினேன். அவர் தலையாட்டிக்கொண்டு நின்றார். காபரேட்டரைக் கழுவினேன். பிளக் உட்காரும் இருக்கைகளை மினுக்கினேன். பாக்கியம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது நேரம் முற்றாகத் தவறிவிட்டது.

அடுத்த நாள் சுப்பையா தொலைபேசியில் பேசினார். "ராத்திரி பூரா குந்திக்கிட்டே மூச்சு வாங்கினா தம்பி. படுக்க முடியல. இன்னொரு தடவை பாதையிலே நின்னுச்சுன்னா நான் என்ன செய்யிறது?" என்றார். என்னிடம் அதற்குப் படம் இருக்கவில்லை.

மூன்றாவது முறை வந்தபோது அக்கா திரும்பியிருந்தார். நான் நடந்ததெல்லாம் சொன்னேன், படிவுக் கோட்பாடு உட்பட. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சுப்பையாவின் பக்கம் திரும்பினார்.

"வவுனியாவாலை திரும்பி வரேக்கை எப்பவாவது நிண்டதோ?"

"இல்லக்கா. வர்றப்ப குதிரை மாதிரி வரும்."

எனக்கும் இது தெரியும். மாலைக் காற்றின் குளிர்ச்சி என்று அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

"தம்பி," என்றார் அக்கா என்னிடம், "போகேக்கை மட்டும் நிக்குது, வரேக்கை நிக்கேல்லை. அப்ப பிழை காரிலையோ, விடியக்காலமையிலையோ?"

அவர் சுப்பையாவிடம் அடுத்த கேள்வியைக் கேட்டார். "றோட்டிலை கழட்டேக்கை நாலாவது எப்பிடி வந்தது?"

"அதுவா? லேசா வந்துச்சு. விரலாலேயே கழண்டுருச்சு. சூட்டுல இளகியிருக்கும்னு நல்லா இறுக்கி விட்டேன்."

"ஒவ்வொரு முறையும்?"

"ஒவ்வொரு தடவையும்தான்."

"இதைத் தம்பியிட்டைச் சொல்லேல்லையோ?"

"அவரு கேக்கலியேக்கா. புஸ்தகத்துல இருக்கிறதச் சொல்லிக்கிட்டு இருந்தாரு. நடுவுல பேசறது மரியாதை இல்லைன்னு..."

அக்கா நாலாம் பிளக்கை வெளிச்சத்தில் திருப்பினார். சட்டையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, பீங்கான் விளிம்பிலிருந்து எதையோ கிண்டி உள்ளங்கையில் போட்டார். அரிசிக் குறுணி அளவில் ஒரு கரித்துண்டு. விறகின் நார் அதில் தெளிவாகத் தெரிந்தது. என்னிடம் நீட்டினார்.

"இந்த எஞ்சின் விறகிலையோ ஓடுது?"

பிறகு பின் ஆசனத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சுப்பையாவிடம், "நீங்கள் காரோடை நில்லுங்கோ. நேரம் போகுது, பாக்கியத்தை நான் கொண்டுபோறன்," என்றார். "தம்பி, கராஜ் வானை எடு."

நான் ஓட்டினேன். அவர்கள் இருவரும் பின்னால். சந்தி தாண்டியதும் அக்கா கேட்டார்.

"பாக்கியம், இப்பவும் விறகடுப்போ?"

"ஆமாக்கா. காஸ் எங்க கெடைக்குது."

"விடிய நீங்கள்தான் மூட்டுறனீங்கள்?"

"நாந்தான். எனக்குத்தான் தூக்கம் வராதே."

"தேத்தண்ணியோடை வேறை என்ன சூடாகுது?"

கண்ணாடியில் பார்த்தேன். பாக்கியம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அவருகிட்ட சொல்லிராதீங்கக்கா."

"சொல்லமாட்டன்."

"மண்ணெண்ணெய் கலக்க ஆரம்பிச்ச பெறகு கார் எழும்பவே இல்ல. ஒரு நாள் அந்தக் கம்பியைச் சுத்திச் சுத்தி, முடியாம வாசல்லேயே குந்திட்டாரு. என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறாரு. அடுத்த தடவை அவரு எந்திரிக்க முன்னாடி நான் கழட்டிச் சாம்பல்ல போட்டு எடுத்துப் பூட்டிட்டேன். அந்தக் காலத்துல செஞ்சதுதானே. ஒரே சுத்து. என்னா சந்தோசம் அவருக்கு. 'என் கை ராசியப் பாத்தியா'ன்னாரு. நான் என்னான்னு சொல்ல?" தலைப்பை விரலிலிருந்து அவிழ்த்தார். "தண்ணி தூக்கக் கூடாது, கொத்தக் கூடாதுன்னுட்டாங்க. சும்மா மூட்டை மாதிரி ஏத்தி எறக்குறாரு. இதையாவது செய்யலாம்னுதான்."

"நாலையும் எப்பிடி இறுக்கிறனீங்கள்?"

"மூணை ஒரு கையாலேயே இறுக்கிருவேன். கடைசி, உள்ளுக்கு, தகரத்து ஓரமா இருக்கு. கழட்டறப்ப கம்பிய ஒரு தட்டு தட்டினா இளகிரும். இறுக்குறதுன்னாதான் சாவிய ஒரு கையால நிமித்திப் புடிச்சு, மத்தக் கையால திருகணும்." இடது கையைத் தூக்கினார். முழங்கைக்குக் கீழே ஊசி ஏற்றுவதற்காக இரத்தக்குழாயை இணைத்த இடம் கயிறுபோல் புடைத்திருந்தது. "இந்தக் கையால இறுக்கக் கூடாதாம். அதனால நாலாவத விரலால திருகி விட்டிருவேன். ஓடுறப்ப தானா இறுகிரும்னு நெனச்சேன்."

பிளக் தன் சூட்டை வெளியேற்றுவது நூலாலும் இருக்கையாலும்தான். இருக்கையில் அழுத்தி உட்காராத பிளக்கின் சூடு போவதற்கு இடமில்லாமல் நுனியிலேயே நின்று அதை வறுக்கும். இது நான் சுப்பையாவுக்குச் சொன்ன அதே புத்தகத்தில், அதே பக்கத்தில், படத்துக்குச் சில வரி கீழே இருக்கிறது. நான் வாசித்திருக்கிறேன்.

"இதை அண்டைக்கே எனக்குச் சொல்லியிருந்தால்..." என்று தொடங்கினேன்.

"தம்பி," என்றார் அக்கா, "றோட்டைப் பார்."

ஓமந்தை வரை அவர் யோசித்துக்கொண்டு வந்தார். பிறகு பாக்கியத்திடம் சொன்னார்: "மண்ணெண்ணெய் கலக்குமட்டும் சுடத்தான் வேணும். நீங்கள் சுடுங்கோ. நெருப்புக்குள்ளை போடவேண்டாம், சாம்பலுக்குள்ளை மட்டும். எடுத்து ஈர நிலத்திலை வையாதேங்கோ, பீங்கான் வெடிக்கும். விரலாலை நாலையும் பூட்டிவிடுங்கோ. பூட்டேக்கை சாவியைத் தொடவேண்டாம். இறுக்கிறது என்ரை பாடு."

பாக்கியத்தை நேரத்துக்குச் சேர்த்துவிட்டுத் திரும்பினோம். கராஜில் சுப்பையா காரின் அருகிலேயே குந்தியிருந்தார். அக்கா அவரிடம் மிகவும் தீவிரமான முகத்தோடு சொன்னார்.

"இந்தக் காருக்கு ஒரு வருத்தம் இருக்கு. இரவு குளிரிலை பிளக் இளகுது. ஒவ்வொரு நாளும் கம்பியைச் சுத்தமுதல், நீங்களே உங்கடை கையாலை நாலையும் இறுக்கவேணும். வேறை ஆரும் தொடக்கூடாது. உங்கடை கைக்குத்தான் அது கேக்கும்."

"நான் அப்பவே சொன்னேனேக்கா," என்றார் சுப்பையா. "இதுக்கு என் கைதான்."

"ஓம். ஆனால் உங்கடை கை கொஞ்சம் பலம் கூட." பிளக் சாவியை என்னிடம் தந்து, அதன் குறுக்குக் கம்பியை அரைவாசியாக அரிந்து தரச் சொன்னார். கம்பி நீளமாக இருந்தால் சுப்பையா ஒரு மாதத்துக்குள் நூலை உடைத்துவிடுவார். குட்டைக் கம்பியில் எவ்வளவு முறுக்கினாலும் போதுமான அளவுதான் இறுகும். அன்றைக்கு அந்தக் காருக்கு நடந்த ஒரே திருத்தம் அதுதான். அரிந்தவன் நான் என்பதால் இதில் எனக்கும் பங்கு உண்டு என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறேன்.

கார் அதன்பிறகு நிற்கவில்லை. நாலாவது பிளக் மற்ற மூன்றையும்போல் நியாயமான கரியோடு இருந்தது. பெற்றோல் தாராளமாக வந்து மண்ணெண்ணெய் நின்றபிறகு பாக்கியமே கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். சுப்பையா முழுவதையும் கேட்டுவிட்டு நம்பவில்லையாம்.

அதற்குக் கொஞ்சம் முந்தி, கார் நிற்காமல் ஓடத்தொடங்கிச் சில மாதங்கள் ஆனபோது, ஒரு காலை வவுனியாவில் அவர்களைக் கண்டேன். ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு வெளியே சீமெந்து வாங்கில் இருந்தார்கள். சுப்பையா சுவரில் சாய்ந்து நித்திரை. பாக்கியத்தின் முகத்தில் வீக்கம் குறைந்திருந்தது. நான் பக்கத்தில் போய், நன்றி சொன்னால் எப்படி அடக்கமாக மறுப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"கார் எப்பிடி பாக்கியம்?"

"ஒரு நாளும் நிக்கலண்ணே."

"நேரத்துக்கு வந்து சேருறியளோ?"

"அதுதான் கஷ்டம்," என்றார். "முந்தியெல்லாம் பாதையிலே நின்னா, காட்டுக் காத்துல காலை நீட்டிக் கொஞ்சம் படுத்திருப்பேன். இப்ப வெள்ளனவே வந்து, கதவு தெறக்கிற வரைக்கும் இந்தக் கல்லுல குந்திக்கிட்டு இருக்கோம்."